பஸ்ஸில் எந்த சீட்

எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் எதிர்ப்பக்கம் 'மூலம், பௌத்திரம்' என்று ஒரு போர்டு கண்ணில் படும். அப்படி ஒரு போர்டு தொங்கிய மாடிப்படியில் எட்டு மாதம் ஏறி இறங்கினேன். மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலம் என்றார்கள், நம்பினேன். ஒருநாள்கூட உள்ளே விரல் விட்டுப் பார்க்கவில்லை. பாருங்கள் என்று கேட்க எனக்கும் கூச்சம். இருபது வருடமாகப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பெருங்குடல் ஒன்றரை மீட்டர் நீளம் என்று எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன். அதன் கடைசி சில அங்குலத்தில் எனக்கு என்ன நடக்கிறது என்பதை மட்டும் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

2022 பிப்ரவரியில் மதுரையில் ஒரு டாக்டர் பரிசோதித்த முதல் நிமிடத்திலேயே பேச்சைக் குறைத்துக்கொண்டார். கொலனோஸ்கோப்பி, பயாப்ஸி, எம்.ஆர்.ஐ. எல்லாம் அந்த வாரத்துக்குள் முடிந்தது. மலக்குடல் புற்றுநோய். கட்டி ஆசனவாயை ஒட்டி இருந்ததால் அதையும் சேர்த்து எடுத்துத் தைத்து மூடிவிட வேண்டும். இடது பக்க வயிற்றில் துளை போட்டு, குடலின் முனையை வெளியே கொண்டுவந்து தைப்பார்கள். அதற்கு ஸ்டோமா என்று பெயர். அதன்மேல் ஒரு பை, ஆயுள் முழுக்க.

28 நாள் கதிர்வீச்சு, கூடவே மாத்திரை, ஜூலையில் ஆபரேஷன், பிறகு கீமோ. கீமோ நாட்களில் ஃப்ரிட்ஜ் கைப்பிடியைத் தொட்டாலே விரலில் ஷாக் அடித்தது போல் இருக்கும், தண்ணீரை வெதுவெதுப்பாகத்தான் குடிக்க வேண்டும். சிகிச்சையைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள்ளும் பள்ளியிலும் பஸ்ஸிலும் ஒரு மனிதனுக்கு என்ன ஆகிறது என்று எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. எழுத வேண்டும் என்று நினைத்தது அதைத்தான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு நர்ஸ் வந்தார். கையில் அழியாத மை பேனா. "சார், வேட்டி கட்டுவீங்களா, பேன்ட்டா?" என்று கேட்டார். பள்ளிக்கு பேன்ட், வீட்டில் கைலி என்றேன். நிற்கச் சொன்னார். குனியச் சொன்னார். கட்டிலில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லி, வயிற்றில் எங்கே மடிப்பு விழுகிறது என்று பார்த்தார். பெல்ட் எங்கே வரும், கைலி முடிச்சு எங்கே வரும் என்று என் கையாலேயே காட்டச் சொன்னார். அப்புறம் தொப்புளுக்கு இடப்புறம், சற்றுக் கீழே, ஒரு வட்டம் போட்டார். "இது உங்க கண்ணுக்குத் தெரியுதா? குனிஞ்சு பாருங்க. தெரிஞ்சாத்தான் நீங்களே மாத்த முடியும்" என்றார். நோய் தெரிந்த நாளிலிருந்து, இதற்குப் பிறகும் நான் பேன்ட் போட்டு வேலைக்குப் போவேன் என்று எடுத்துக்கொண்டு பேசிய முதல் ஆள் அவர்தான். இந்த ஆபரேஷன் செய்யப்போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: இடத்தை முன்கூட்டியே குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். யாரும் வராவிட்டால் நீங்களே கேளுங்கள். தப்பான இடத்தில் வைத்துவிட்டால் ஆயுளுக்கும் பெல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து பத்து நாள் நான் அதைப் பார்க்கவே இல்லை. மனைவி பையை மாற்றுவாள், நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். ஒருநாள் அவள், "என்னங்க, ஒரு தடவ பாருங்க. கன்னத்துக்கு உள்பக்கம் மாதிரிதான் இருக்கு" என்றாள். பார்த்தேன். சிவப்பாக, ஈரமாக, அவள் சொன்னபடியே இருந்தது. தொட்டால் வலிக்கவில்லை, வலி உணரும் நரம்பு அதில் கிடையாது. மறுநாளிலிருந்து நானே மாற்றிக்கொள்ளக் கற்றேன். காலையில் வெறும் வயிற்றில் மாற்றினால் குடல் அமைதியாக இருக்கும். சட்டை நுனியைத் துணி உலர்த்தும் கிளிப்பால் மேலே செருகிக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். முதல் ஆறேழு வாரம் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். அதனால் அளவு பார்த்து ஓட்டை வெட்ட வேண்டும், பழைய அளவிலேயே வெட்டினால் சுற்றியுள்ள தோல் வெந்துவிடும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும், கனத்தால்தான் ஒட்டு விட்டுப்போகிறது. இதெல்லாம் கைப்பழக்கம். மூன்று வாரத்தில் வந்துவிட்டது.

மற்றதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

வீட்டில் யாரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. 'அது', 'உடம்பு சரியில்லாதது', 'வயித்துல ஒரு கட்டி'. பையனிடம் அல்சர் என்று சொல்லி வைத்தோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. ஒருநாள் அவன் போனை வாங்கி ஏதோ தேடப் போனபோது, முந்தைய தேடல்கள் வரிசையாக வந்து நின்றன. எத்தனை வருடம் உயிரோடு இருப்பார்கள் என்ற கேள்வியை அவன் ஐந்தாறு விதமாகத் தட்டியிருந்தான். ரிப்போர்ட்டை எடுத்துப் படித்திருக்கிறான். இரண்டு மாதமாக அதைத் தனியாகச் சுமந்திருக்கிறான். அன்று ராத்திரி மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் நோயின் பெயர், எந்த நிலை, என்ன செய்யப்போகிறார்கள், டாக்டர் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான், "என்கிட்ட ஏன்ப்பா சொல்லல?" பிள்ளைகளிடம் மறைப்பது அவர்களைக் காப்பாற்றுவதற்காக என்று நினைக்கிறோம். அவர்கள் நம்மைவிட மோசமாகக் கற்பனை செய்துகொண்டு தனியே உட்கார்ந்திருக்கிறார்கள். பெயரைச் சொல்லி, அடுத்து என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிட்டால் போதும். அதற்குப்பிறகு அவன்தான் எனக்கு மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தினான்.

பார்க்க வந்தவர்களில் பலர் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு யாருக்கோ இதே நோய் வந்து போன கதையும் வரும். முள் சீத்தா இலை வரும், கோதுமைப்புல் சாறு வரும், கீமோவை நிறுத்து என்று வாட்ஸப்பில் வீடியோ வரும். மனைவி ஒரு ஏற்பாடு செய்தாள். வந்தவர்களைத் திண்ணையில் உட்காரவைப்பாள், காபி கொடுப்பாள், இருபது நிமிடத்தில் "அவங்களுக்கு மாத்திரை நேரம்" என்பாள். என்னைக் கேட்டால் ஒவ்வொரு நோயாளி வீட்டிலும் இதற்கென்று ஒருவர் வேண்டும். ஒரு சொந்தக்காரர் வீட்டில் எனக்கு மட்டும் தனி டம்ளரில் காபி வந்தது. எவர்சில்வர் டம்ளர்களுக்கு நடுவில் ஒரு பேப்பர் கப். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் குடித்துவிட்டு வந்து ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

2023 ஜனவரியில் கீமோ முடிந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், எனக்கு அதற்குப்பிறகுதான் மனம் விழுந்தது. அதுவரை அடுத்த தேதி ஒன்று இருந்துகொண்டே இருந்தது, செய்ய ஒரு வேலை இருந்தது. எல்லாம் முடிந்ததும் கையில் பையும் பயமும் மட்டும்தான் மீதி. மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகவில்லை. மாசியில் எங்கள் நத்தம் மாரியம்மன் திருவிழா, ஊரே கழுமரம் ஏறுவதைப் பார்க்கப் போயிருக்கிறது, நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். கேட்டவர்களிடம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

அடுத்த செக்கப்பில் ஆலோசகர் ஒருவர் ஒரு தாளைக் கொடுத்தார். தெர்மாமீட்டர் படம், கீழே 0, மேலே 10. கடந்த ஒரு வாரத்தில் மனக்கஷ்டம் எவ்வளவு, வட்டம் போடுங்கள் என்றார். பக்கத்தில் மனைவி நின்றாள். 2 என்று வட்டம் போட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, மனைவியிடம் கீழே போய் பில்லுக்கு ஸ்டாம்ப் வாங்கிவரச் சொன்னார். அவள் போனதும் இன்னொரு தாளை நீட்டினார், ஒன்றும் பேசவில்லை. பேனா 8-இல் போய் நின்றது. அப்புறம் கொஞ்ச நேரம் என்னால் தலை நிமிர முடியவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார், இன்னொருவர் முன்னால் அப்படி அழுதது அதுதான் முதல் தடவை.

4-ஐத் தொட்டாலே உட்கார்ந்து பேசவேண்டும் என்பதுதான் அந்தத் தாளின் கணக்காம். புற்றுநோயாளிகளின் மனதுக்கென்று ஒரு மருத்துவத் துறையே இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண் மனநல மருத்துவர், நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 1977-இல் இதற்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியிருக்கிறார். மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். தினம் ஒரு மாத்திரை, ஒன்பது மாதம். மாதம் ஒருமுறை பேச்சு. பைத்தியத்துக்கு மாத்திரை என்று என் அக்கா வருத்தப்பட்டார். கால் முறிந்தால் கட்டுப்போடுவது போலத்தான் என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. உங்கள் ஊரில் ஆலோசகர் இல்லையென்றால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

அந்த ஆலோசகரிடம் நான் முதலில் ஒப்புக்கொண்ட பயம் என்ன தெரியுமா? நான் இப்படி மனம் உடைந்து கிடப்பதாலேயே நோய் திரும்பி வந்துவிடுமோ என்பது. 'தைரியமா இருந்தா பாதி நோய் போயிரும்' என்று வந்தவர் போனவர் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் தைரியம் இல்லாதவனுக்கு? அழுதால் அதுவும் என் குற்றம், நோய் வந்தால் அதுவும் என் குற்றம். அவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் காய்ன் குழு, தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரைப் பின்தொடர்ந்து 2007-இல் வெளியிட்டது. மனநிலை நன்றாக இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உயிரோடு இருந்த காலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மனதைச் சரிசெய்வது இருக்கும் நாட்களை நன்றாக வாழத்தான், அழுததற்காக யாருக்கும் நோய் வளராது என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அதனால்தான் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், தைரியமாக இரு என்று சொல்லாதீர்கள். "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேளுங்கள். அப்புறம் பேசவிடுங்கள்.

தூக்கம் வராத ராத்திரிகளில் இந்தப் பையைப் பற்றித் தேடிப் படித்தேன். டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்று ஒரு நர்ஸ். அவருடைய தங்கை தோராவுக்கும் ஸ்டோமா வைக்கும் ஆபரேஷன். கசிந்துவிடுமோ என்ற பயத்தில் தங்கை வெளியே போவதையே விட்டுவிட்டார். தங்கையை வாசல்படி தாண்டவைப்பதற்காக, தோலில் ஒட்டிக்கொள்ளும், உபயோகித்துவிட்டுத் தூக்கிப்போடக்கூடிய பையை 1954-இல் அந்த அக்கா யோசித்துக் கண்டுபிடித்தார். அதே 1954-இல்தான் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அதைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கையும் மலக்குடல் புற்றுநோயில்தான் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்று வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். எட்டு மாதம் மூலத்துக்கு வைத்தியம் பார்த்த எனக்கு அதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஒரு தங்கைக்காக ஆஸ்பத்திரி, இன்னொரு தங்கைக்காகப் பை. தோராவும் என்னைப் போலத்தான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

ஆண்கள் இதில் வாய் திறக்காத ஒரு விஷயம் இருக்கிறது. கட்டியை எடுக்கும்போது அங்கே ஓடும் நரம்புகள் பாதிக்கப்படலாம். தாம்பத்தியம் பழையபடி இருக்காது என்பதை டாக்டர் ஒரே வரியில் சொன்னார், நான் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். பிறகு பை கசியும் என்று சாக்கு சொல்லி ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டேன். தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று மனைவி ஏழெட்டு மாதம் நினைத்திருக்கிறாள். ஆலோசகர் இருவரையும் சேர்த்து உட்காரவைத்த பிறகுதான் இது வெளியே வந்தது. மாத்திரைகள் உண்டு, வேறு வழிகளும் உண்டு, ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்கலாம். எங்களுக்கு முதலில் தேவைப்பட்டது பாயைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய்ப் போடுவதுதான்.

கோயில் விஷயத்தை அம்மா தீர்த்துவைத்தார். வயிற்றில் மலப்பையோடு எப்படி சந்நிதியில் நிற்பது என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அம்மா பூத் தொடுத்துக்கொண்டிருந்தார், நிமிரக்கூட இல்லை. "ஏன்டா தம்பி, அங்க நிக்கிற எல்லாரு வயித்துலயும் அதுதான் இருக்கு. உனக்குத் தோலுக்கு இந்தப் பக்கம் இருக்கு. ஆத்தாளுக்குத் தெரியாதா?" அந்த வெள்ளிக்கிழமை போனேன்.

பள்ளிக்குத் திரும்புவதில் வாசனையைவிடச் சத்தம்தான் பெரிய பயம். காற்று பிரிவதை அடக்க நமக்குத் தசை கிடையாது, வகுப்பு நடுவில் சத்தம் வரும். முட்டைக்கோஸ், முள்ளங்கி, பட்டாணியை வேலை நாட்களில் விட்டேன். மெதுவாக மென்று சாப்பிட்டேன், மோர் சேர்த்துக்கொண்டேன், ஓரளவு குறைந்தது. முன்கூட்டியே இருவரிடம் மட்டும் சொன்னேன். தலைமை ஆசிரியர், அப்புறம் பக்கத்து வகுப்பு ஆசிரியர். தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறையின் சாவி என்னிடம் இருக்கும்படி தலைமை ஆசிரியர் ஏற்பாடு செய்தார். உபதேசம் ஒன்றும் செய்யவில்லை, சாவியைக் கொடுத்தார். பத்தாம் வகுப்பில் ஒருநாள் சத்தம் வந்து நாலைந்து பேர் சிரித்தபோது, உணவுப்பாதையைப் படமாக வரைந்து, இடது பக்கம் ஓர் அம்புக்குறியை வெளியே இழுத்து, என் குடல் இங்கே முடிகிறது என்று சொல்லிவிட்டேன். ரத்தம் போனால் மறைக்காதீர்கள், வீட்டில் அப்பா அம்மா மறைத்தாலும் விடாதீர்கள் என்றும் சொன்னேன். எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை என்பது என் கருத்து. யாருடைய உதவி தேவையோ அவர்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

பஸ்தான் கடைசி. எங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆட்டோவுக்கும் காருக்கும் கட்டுப்படியாகவில்லை, பைகளுக்கே மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் போகிறது. (ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுவதும் இலவசம், துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் ஊருக்கு ரயில் இல்லை.) ஸ்டோமா இருப்பது இடது பக்கம். டவுன் பஸ்ஸில் இடது வரிசை பெண்களுக்கு. வலது வரிசையில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்தால் இடது வயிறு நடைபாதைக்கு வந்துவிடும், நிற்பவர்களின் முட்டியும் கண்டக்டரின் தோல்பையும் சரியாக அங்கேதான் இடிக்கும். முதல் பயணத்தில் இடித்தது. ஒட்டு விட்டுப்போய், பாதி வழியில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்க் கழிப்பறையில் நின்றேன். பிறகு மூன்று மாதம் பஸ் ஏறவில்லை.

ஏறியபோது தோளில் ஒரு சின்னப் பை இருந்தது. உள்ளே அளவு வெட்டிய மாற்றுப் பை இரண்டு, டிஷ்யூ, அரை லிட்டர் தண்ணீர், கட்டிப்போட ஒரு கறுப்பு கவர், துணிக் கிளிப், ஒரு கைலி. அது இன்றுவரை என் தோளில்தான் இருக்கிறது. மூன்று தடவைதான் திறக்க வேண்டி வந்தது.

செக்கப்புக்கு முந்தின ராத்திரி பயம் இன்னும் போகவில்லை. சி.இ.ஏ. என்று ஒரு ரத்தப் பரிசோதனை, அந்த எண் ஏறியிருக்குமோ என்று வயிறு கலங்கும். ரிசல்ட்டைப் போனில் தனியாகத் திறப்பதை விட்டுவிட்டேன். டாக்டரைப் பார்க்கும் அன்றே, மனைவியோடு உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். முடிந்ததும் இருவரும் ஜிகர்தண்டா குடித்துவிட்டு வருகிறோம். குளிர்ச்சி இப்போது விரலில் உறுத்துவதில்லை.

போன மாதம் அதே நர்ஸ் போன் செய்தார். ஆபரேஷனுக்கு ஒருவர் சம்மதிக்க மறுக்கிறார், இரண்டு வார்த்தை பேச முடியுமா என்றார். போனேன். நாற்பது வயதுக்காரர், நெல் வியாபாரம். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தோள்பைக்குள் இருக்கும் எதையும் நான் எடுக்கவில்லை. சட்டையைத் தூக்கிக் காட்டினேன். அவர் மனைவி பக்கத்தில் வந்து பார்த்தார். அவர் திரும்பக் கொஞ்ச நேரம் ஆனது. என் பேன்ட்டையும் பெல்ட்டையும் பார்த்தார், தோளில் மாட்டிய பையைப் பார்த்தார்.

"எப்படி சார் வந்தீங்க?"

"பஸ்லதான்."

எழுந்து உட்கார்ந்தார். "எந்த சீட்டு?"

வலது வரிசை, ஜன்னல் ஓரம், பின்சக்கரத்துக்கு மேல் வேண்டாம், தோள்பையை இடது பக்கம் மடியோடு அணைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் மனைவி அதை ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.